முதலில் கணக்கைக் கேளுங்கள்

கும்பகோணத்தை அடுத்த ஒரு நெசவாளர் ஊரிலிருந்து 36 வயது வாசகி ஒருவர் ஏழு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் நீக்கிவிட்டுச் சுருக்கத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

நுண்கலைக் கல்லூரியில் படித்தவர். இப்போது தனியார் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியை. அப்பா பட்டு நெசவாளர். அப்பாவின் குழித்தறியைச் சுற்றியே ஒன்றரை ஆண்டு வேலை செய்து 22 படைப்புகளை முடித்திருக்கிறார். 15 கேன்வாஸில் அக்ரிலிக், 7 காகிதத்தில் கரிக்கோல். பள்ளியிலிருந்து வந்து, சமைத்து, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு, இரவு பத்து மணிக்கு மேல் தறி வீட்டு ஓரத்தில் உட்கார்ந்து வரைந்தவை.

சென்னையில் ஒரு குழுக் கண்காட்சியில் இவருடைய இரண்டு ஓவியங்களைப் பார்த்த கேலரி உரிமையாளர், "உங்களுக்கு ஒரு சோலோ ஷோ போடலாம்மா, அறுபது நாற்பது" என்றிருக்கிறார். ஓவியருக்கு அறுபது, கேலரிக்கு நாற்பது. பிறகு கூடத்துக்கு வாடகை, கேட்லாக் என்று 35,000 ரூபாய் கேட்டார்கள். வளையலை அடகு வைத்துக் கட்டியிருக்கிறார். ஃபிரேம் போட்டதும் டெம்போ வாடகையும் தனிச் செலவு.

போன ஐப்பசியில் பத்து நாள் கண்காட்சி. "திறப்பு விழாவில் என் ஓவியங்களுக்கு முன்னால் நிற்கவே கூச்சமாக இருந்தது. கைகழுவும் இடத்தில் போய் நின்றுகொண்டேன்" என்று எழுதியிருக்கிறார். இரண்டாம் நாள் காலையில் போனபோது ஓர் ஓவியம் சுவரில் இல்லை. குளித்துவிட்டு முதுகு காட்டி உட்கார்ந்து தலை துவட்டும் அம்மாவின் ஓவியம். யாரோ ஒரு விருந்தினர் முகம் சுளித்தாராம். இவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே இறக்கிவிட்டார்கள். ஆணியும் அதன் கீழே பெயர் அட்டையும் மட்டும் பத்து நாளும் அப்படியே இருந்திருக்கின்றன.

அதன் பிறகு நடந்தவை இவை. 6 ஓவியங்கள் மொத்தம் 2,40,000 ரூபாய்க்கு விற்றதாகக் கேலரி சொன்னது. பங்கு ஐம்பதுக்கு ஐம்பது என்று மாறியது. அதிலும் விளக்கு, விருந்துச் செலவு என்று 18,000, பேக்கிங் என்று 7,000 கழித்து, "உங்களுக்கு 95,000" என்று வாட்ஸ்அப்பில் கணக்கு வந்தது. கையில் வந்தது 40,000 மட்டும். 9 ஓவியங்கள் திரும்பி வந்தன. அதில் ஒரு கரிக்கோல் ஓவியம் தண்ணீர் இறங்கிப் பாழாகியிருந்தது. மீதி 7 இன்னும் கேலரியில். அவற்றுக்கு இப்போது மாதம் 3,000 ரூபாய் கிடங்கு வாடகை கேட்கிறார்கள். இதற்கிடையே ஒரு கைவினைக் கண்காட்சியில், அப்பா தறியில் உட்கார்ந்திருக்கும் தன் ஓவியம் துணிப்பையில் அச்சாகித் தொங்குவதைப் பார்த்திருக்கிறார். கேலரியில் கேட்டதற்கு, "அது விற்றுப்போன ஓவியம், அதில் உங்களுக்கு என்ன உரிமை?" என்று பதில்.

இப்போது ஒரு பக்கத் தாள் ஒன்றை அனுப்பி, கையெழுத்துப் போட்டால் மீதி 55,000 உடனே வரும் என்கிறார்கள். அப்பா, "பெரிய இடத்து உறவைக் கெடுத்துக்காதே, போட்டுக் கொடுத்துடு" என்கிறார். கணவர் போலீசுக்குப் போகலாம் என்கிறார். "எழுத்தில் எதுவும் இல்லாத நான் எதைக் கேட்க முடியும்?" என்று முடித்திருக்கிறார் வாசகி.

அன்புள்ள தோழி,

கடிதத்தில் "அவர் எனக்கு மேடை கொடுத்தவர்" என்று மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அந்த நன்றி உங்கள் மனத்தில் இருந்துவிட்டுப் போகட்டும், அதில் நான் கை வைக்கவில்லை. ஆனால் சட்டத்தின் கணக்கில் அவர் உங்கள் முகவர். உங்கள் பொருளை உங்களுக்காக விற்று அதற்குக் கமிஷன் எடுத்துக்கொள்பவர். விற்கும்வரை ஓவியம் உங்களுடையது. விற்ற பிறகு வரும் பணம், அவருடைய கமிஷன் போக, உங்களுடையது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 213-ஆம் பிரிவு, உரியவர் கேட்டால் முகவர் முறையான கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது. 218-ஆம் பிரிவு, வசூலித்த பணத்தைத் தனக்குச் சேர வேண்டியது போக உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. இந்த இரண்டு பிரிவுகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் கடிதத்தை நீங்களே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஏழு பக்கத்திலும் நீங்கள் ஓரிடத்தில்கூட அவரிடம் கணக்குக் கேட்டதாக இல்லை. அவர் அனுப்பிய தொகையைப் பற்றி அழுதிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான்

எழுத்தில் இல்லாத ஒப்பந்தம் செல்லாது என்ற எண்ணம் நம் ஊரில் படித்தவர்களுக்கே அதிகம். வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். சிக்கல் எல்லாம் அதை நிரூபிப்பதில்தான். அதிலும் நீங்கள் நினைப்பதைவிட நல்ல நிலையில் இருக்கிறீர்கள். "60-40 ஓகே மேடம், டேட் மட்டும் கன்ஃபர்ம் பண்ணுங்க" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியின் படத்தை நீங்களே கடிதத்தோடு இணைத்திருக்கிறீர்கள்! 35,000 வங்கி வழியாகப் போயிருக்கிறது. கேட்லாக் அச்சில் இருக்கிறது. அதில் 22 ஓவியங்களுக்கும் அளவும் விலையும் இருக்கின்றன. இதற்கு மேல் என்ன எழுத்து வேண்டும்?

ஒரே ஒரு எச்சரிக்கை. அந்தச் செய்திகள் இருக்கும் போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சான்றாக வைக்க 2023-ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கும். அசல் போன் கையில் இருந்தால் வேலை சுலபம்.

இப்போது கணக்கு. அறுபது நாற்பது என்றால் 2,40,000-இல் உங்கள் பங்கு 1,44,000. வந்தது 40,000. பாக்கி 1,04,000. அவர்கள் சொல்லும் பாக்கி 55,000. ஆக, பணத்தளவில் உங்களுக்குள் இருக்கும் சண்டை 49,000 ரூபாய்க்குத்தான். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எத்தனை ரூபாய்க்கு எவ்வளவு தூரம் போகலாம் என்பதை நீங்கள் தெரிந்து முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் சண்டை அந்த 6 ஓவியங்களோடு நிற்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கடைசி நாள் நீங்கள் போனில் எடுத்த வீடியோவில் 8 ஓவியங்களின் பக்கத்தில், விற்றதற்கு அடையாளமாகக் கேலரியில் ஒட்டும் சிவப்புப் பொட்டு இருந்தது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கணக்கில் 6 தான் வருகிறது. திரும்பி வந்த 9 ஓவியங்களின் பட்டியலோடு அந்த எட்டை ஒப்பிட்டுப் பார்த்தேன். கணக்கில் வராத அந்த இரண்டும், தெருவில் பாவு நீட்டியிருக்கும் பெரிய கேன்வாஸும் ஒரு கரிக்கோல் படமும், திரும்பி வந்தவற்றில் இல்லை. கேலரியில் "கிடங்கில்" இருப்பதாகச் சொல்லப்படும் ஏழில்தான் அவை இருக்க வேண்டும். நீங்கள் இதைக் கவனிக்கவில்லை. அவசரப்பட்டு ஏமாற்று என்று சொல்லிவிடாதீர்கள். பொட்டு வைத்துவிட்டுப் பணம் கட்டாமல் பின்வாங்கும் ஆட்களும் உண்டு. ஆனால் கேட்க வேண்டும். யார் பெயரில் பொட்டு வைத்தீர்கள், எப்போது விலகினார், ஓவியம் இப்போது எங்கே, இன்றைய தேதியில் அதன் புகைப்படம் ஒன்று அனுப்புங்கள் என்று.

கூடத்துக்கு வாடகையும் வாங்கி, கமிஷனும் எடுத்து, அதற்கு மேல் விளக்குச் செலவும் கழிப்பது பற்றி: சட்டம் இதைத் தடுக்கவில்லை. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் எதையும் ஒத்துக்கொள்ளலாம். கிரீம்ஸ் சாலையில் இருக்கும் லலித் கலா அகாதெமி மண்டல மையம் மாதிரி, வாடகை கட்டிக் கூடம் எடுத்து நம் காட்சியை நாமே நடத்தும் இடங்கள் ஒரு வகை. நம் படைப்பைத் தேர்ந்தெடுத்து, செலவைத் தான் போட்டு, விற்பனையில் பங்கு எடுக்கும் கேலரி இன்னொரு வகை. உங்களிடம் இரண்டு வகைக்கும் வசூல் நடந்திருக்கிறது. 35,000-ஐ ஒத்துக்கொண்டு கட்டிவிட்டீர்கள், அதைத் திரும்பக் கேட்பதில் பெரிய பலன் இருக்காது. ஒத்துக்கொள்ளாத 18,000-ஐயும் 7,000-ஐயும் பில் இல்லாமல் ஏற்க வேண்டியதில்லை.

கேலரியில் தங்கிவிட்ட ஏழும், நனைந்த ஒன்றும்

"என் ஓவியத்தைப் பிடித்து வைக்க அவருக்கு எந்த உரிமையும் கிடையாது" என்று எழுதியிருக்கிறீர்கள். முழுக்கச் சரியில்லை. கமிஷன் பாக்கி இருந்தால், அது தீரும்வரை உரியவரின் பொருளை வைத்துக்கொள்ள முகவருக்கு ஒப்பந்தச் சட்டத்தின் 221-ஆம் பிரிவு உரிமை தருகிறது. ஆனால் உங்கள் விஷயத்தில் அவர் கமிஷனை விற்ற பணத்திலேயே எடுத்துக்கொண்டுவிட்டார். நீங்கள் கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை, வர வேண்டியதுதான் இருக்கிறது. கிடங்கு வாடகை என்று எப்போதும் பேச்சே இல்லை. இல்லாத பாக்கிக்குப் பொருளைப் பிடித்து வைக்க முடியாது. "என் 7 ஓவியங்களை இந்தத் தேதியில் எடுத்துக்கொள்ள வருகிறேன்" என்று நீங்கள் எழுத்தில் தெரிவித்த நாளிலிருந்து அந்த வாடகைப் பேச்சுக்கு இருக்கும் கொஞ்ச உயிரும் போய்விடும். ஏழு மாதமாக நீங்கள் போனில் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தது சின்னத் தவறு.

நனைந்த ஓவியம். ஒருவரை நம்பி ஒப்படைத்த பொருளை, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைக் காப்பதுபோல அவர் காக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 151-ஆம் பிரிவு. அப்படிக் காத்தோம் என்று காட்டுவது அவர்கள் பொறுப்பு. "மழைக்கு நாங்கள் என்ன செய்வோம்" என்று பதில் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். சென்னையில் ஐப்பசியில் மழை பெய்வது யாரும் எதிர்பார்க்காத சம்பவமா? கசியும் சுவரில் காகித வேலையை மாட்டினால் என்ன ஆகும் என்பது கேலரி நடத்துகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே உங்களிடமும் ஒரு கேள்வி. கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவில் மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விட்டிருந்தீர்களா? கண்ணாடியில் ஒட்டிக் கிடந்த காகிதம் ஈரத்தை இழுத்துக்கொண்டது, ஃபிரேம் வேலை சரியில்லை என்றுதான் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் சொல்வார். ஃபிரேமைப் பிரிக்காமல், முன்னும் பின்னும் படம் எடுத்துவிட்டு, வந்த பேக்கிங்கோடு அப்படியே வையுங்கள். துடைத்துச் சரிசெய்யப் போகாதீர்கள்.

சுவரில் மிஞ்சிய ஆணி

கடிதத்தில் நீங்கள் அதிகம் வலித்து எழுதியிருப்பது இந்த இடத்தைத்தான். பணத்தைப் பற்றி எழுதிய பக்கங்களில் இல்லாத நடுக்கம் உங்கள் கையெழுத்தில் இங்கே இருக்கிறது. "என் கருத்துச் சுதந்திரம் பறிக்கப்பட்டது, இதற்கு வழக்குப் போட முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அரசியல் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு தரும் பேச்சுரிமை, பொதுவாக அரசு நம் பேச்சைத் தடுக்கும்போது காட்ட வேண்டிய உரிமை. ஒரு தனியார் கேலரி தன் சுவரில் எதை மாட்டலாம், எதை மாட்டக்கூடாது என்று முடிவு செய்வதை அந்தப் பிரிவைக் காட்டித் தடுக்க முடியாது.

பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு படைப்பாளிக்குச் சில தனி உரிமைகளைத் தருகிறது. அதைப் பற்றி அடுத்துச் சொல்கிறேன். ஆனால் அந்தப் பிரிவின் விளக்கக் குறிப்பே, ஒரு படைப்பைக் காட்சிக்கு வைக்காமல் விடுவதும், படைப்பாளிக்குத் திருப்தி தராத விதத்தில் வைப்பதும் உரிமை மீறல் ஆகாது என்று வெட்டிச் சொல்லிவிடுகிறது. சட்டம் எழுதியவர்களுக்கு ஓவியர்களைப் பற்றி ஓரளவு தெரிந்திருக்கிறது போல. மூலையில் மாட்டிவிட்டார்கள், வெளிச்சம் போதவில்லை என்று ஆளுக்கு ஒரு வழக்குப் போட்டுவிடுவார்கள் என்று முன்கூட்டியே வாசலை அடைத்துவிட்டார்கள்.

மிஞ்சுவது ஒப்பந்தம் மட்டும். 22 ஓவியங்களைப் பத்து நாள் காட்டுவதாகச் சொல்லி வாடகை வாங்கிவிட்டு 21-ஐத்தான் காட்டினார்கள் என்று சொல்லலாம். அதற்குக் கிடைக்கக்கூடிய தொகை, அந்தக் காயத்துக்கு முன்னால் அவமானமாகத்தான் தெரியும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் நோட்டீஸில் ஒரு வரி எழுதுவேன், வழக்கில் சேர்க்க மாட்டேன். அந்த ஓவியம் திரும்பி வந்த ஒன்பதில் இருக்கிறது. இன்னொரு சுவரில் அதை மாட்டலாம். முதுகு காட்டித் தலை துவட்டும் ஒரு தாயின் ஓவியத்தில் சட்டத்துக்குப் புறம்பானது எதுவும் இல்லை. அந்தப் பயம் வேண்டாம்.

பையில் அச்சான அப்பா

உங்கள் கை ஓங்கியிருப்பது இங்கேதான். நீங்கள் கைவிடத் தயாராக இருப்பதும் இதைத்தான்.

முதலில் ஒரு சொல் திருத்தம். "காப்புரிமை பதிவு செய்யவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். காப்புரிமை என்பது பேடன்ட், கண்டுபிடிப்புகளுக்கானது. ஓவியத்துக்கு உரியது பதிப்புரிமை, காப்பிரைட். அதற்குப் பதிவு கட்டாயமில்லை. வரைந்து முடித்த கணமே உரிமை உங்களுக்கு வந்துவிட்டது. உங்கள் ஆயுள் முழுதும், அதன் பிறகு 60 ஆண்டும் இருக்கும். பதிவு செய்தால் சான்று சுலபம். ஓர் ஓவியத்துக்குக் கட்டணம் 500 ரூபாய்தான், விருப்பம் இருந்தால் செய்யுங்கள். செய்யாததால் எதையும் இழக்கவில்லை.

அடுத்தது, "விற்றுப்போன ஓவியத்தில் உங்களுக்கு என்ன உரிமை?" என்ற அவர் கேள்வி. பதில்: நிறைய. வாங்கியவருக்குப் போனது கேன்வாஸும் அதன் மேலுள்ள வண்ணமும். வீட்டில் மாட்டலாம், பரிசாகக் கொடுக்கலாம், இன்னொருவருக்கு விற்கலாம். அதைப் படி எடுத்துப் பையிலோ கோப்பையிலோ அச்சிட்டு விற்கும் உரிமை உங்களிடமே இருக்கிறது. பதிப்புரிமையை மாற்றிக் கொடுக்க வேண்டுமானால் 19-ஆம் பிரிவின்படி எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும். அப்படி எதிலும் நீங்கள் கையெழுத்துப் போட்டதில்லை.

பதிப்புரிமையை எழுதிக் கொடுத்திருந்தால்கூட 57-ஆம் பிரிவு தரும் இரண்டு உரிமைகள் படைப்பாளியிடம் நிற்கும். இது என்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஒன்று. தன் மதிப்புக்கு ஊறு வரும்படி படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமை இன்னொன்று. டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த பிரம்மாண்ட வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் பிய்த்தெடுத்து ஒரு கிடங்கில் போட்டது மத்திய அரசு. காசு கொடுத்து வாங்கியது, அரசுக்குச் சொந்தமானது, அப்படியும் 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சிற்பியின் பக்கம் நின்றது. மிச்சமிருந்த பாகங்களை அவரிடமே திருப்பித் தரவும், 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது.

உங்கள் பைக்கு வருகிறேன். பெயர் போடவில்லை என்பதோடு, படத்தை இடம்வலமாகத் திருப்பி அச்சிட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அப்பா வலக்கையால் கயிற்றை இழுத்து நாடாவை (ஊடு இழையைக் கொண்டுபோகும் ஓடம்) ஓட்டி, இடக்கையால் பலகையை அடிக்கிறவர். பையில் எல்லாம் தலைகீழ். "தறி தெரிந்த யாரும் இதை வரைந்தவளைப் பார்த்துச் சிரிப்பார்கள்" என்ற உங்கள் வரி, 57-ஆம் பிரிவுக்கு ஒரு வக்கீல் எழுதக்கூடியதைவிட நல்ல வாதம். நீதிமன்றம் இதைச் சிதைப்பு என்று கட்டாயம் ஏற்கும் என்று உறுதி தர மாட்டேன். ஆனால் அனுமதியில்லாமல் அச்சிட்டது தெளிவான மீறல். விற்பனையை நிறுத்தக் கேட்கலாம், விற்றதில் கிடைத்த லாபத்துக்குக் கணக்குக் கேட்கலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நீதிமன்றத்திலேயே வழக்குப் போட 62-ஆம் பிரிவு வழி செய்கிறது, தஞ்சாவூருக்குப் போனால் போதும்.

இதே மூச்சில் உங்கள் உற்சாகத்துக்கு ஒரு தடை. கண்காட்சியில் ஒருவர் தன் பாட்டியின் படத்தை வரையச் சொல்லி 30,000 கொடுத்தார், அதையும் வாழ்த்து அட்டையாக அச்சிடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, செய்யாதீர்கள். பணம் கொடுத்து வரையச் சொன்ன உருவப்படத்தில், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதல் பதிப்புரிமை வரையச் சொன்னவருக்கே என்கிறது 17(ஆ) பிரிவு. அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு பக்கத் தாள்

இணைத்து அனுப்பிய தாளை மூன்று முறை படித்தேன். முதல் பத்தி, 95,000 பெற்றுக்கொண்டேன், இனிப் பாக்கி எதுவும் இல்லை என்கிறது. பணத்தைப் பற்றிய தாள் என்று நினைத்து அதோடு நிறுத்திவிட்டீர்கள். இரண்டாம் பத்தி, கண்காட்சியில் இடம்பெற்ற 22 படைப்புகளின் "சகல மறுஉருவாக்க உரிமைகளையும் உலகம் முழுதுக்கும் நிரந்தரமாக" கேலரிக்கு ஒப்படைப்பதாகச் சொல்கிறது. காலம் குறிப்பிடாத ஒப்படைப்பு 5 ஆண்டுக்குத்தான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள்தான் என்று சட்டம் ஓரளவு காப்பாற்றும். சட்டம் தெரிந்த ஒருவர் எழுதிக் கொடுத்திருப்பதால் இரண்டையும் கவனமாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். பை விற்றதற்கு இன்று இல்லாத அனுமதி, நீங்கள் கையெழுத்துப் போட்ட நிமிடம் அவர்களுக்கு வந்துவிடும். திரும்பி வந்து உங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கும் ஒன்பதும்கூட அந்த 22-இல் அடக்கம்.

போடாதீர்கள். வட்டி ஏறுகிறது, வளையலை மீட்க வேண்டும் என்பது புரிகிறது. 55,000 கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். "பகுதித் தொகையாக, என் மற்ற கோரிக்கைகளுக்குப் பாதகமில்லாமல் பெற்றுக்கொண்டேன்" என்று உங்கள் கையால் ரசீது எழுதிக் கொடுங்கள். அதற்கு அவர்கள் மறுத்தால், அந்தப் பணம் எதற்கான விலை என்பது அப்பாவுக்கே புரிந்துவிடும்.

எந்த வரிசையில் போகலாம்

முதலில் நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள், ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு, நகலை மின்னஞ்சலில். கோபம் வேண்டாம், மேடை கொடுத்ததற்கு ஒரு வரி நன்றி சொன்னாலும் தப்பில்லை. நான்கு விஷயங்கள் போதும்: ஓவியம் வாரியாக விற்பனைக் கணக்கு, 8 பொட்டுகளுக்கும் விளக்கம், 7 ஓவியங்களையும் எடுக்க வரும் தேதி, பை அச்சுக்கு யார் அனுமதி கொடுத்தது. 15 நாள் அவகாசம் கொடுங்கள்.

பதில் இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ். செலவுக்கு யோசிக்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி இலவசச் சட்ட உதவிக்குப் பெண் என்ற ஒரு தகுதியே போதும், வருமானம் பார்க்க மாட்டார்கள். கும்பகோணம் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள், அல்லது 15100 எண்ணுக்குப் பேசுங்கள். வழக்குப் போடும் முன்பே லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) பேசி முடிக்கவும் அங்கே வழி உண்டு. 49,000 ரூபாய்ச் சண்டைக்கு அதுவே ஏற்ற இடம் என்பது என் கருத்து. பை விஷயம் பேசித் தீராவிட்டால் அதற்கு மட்டும் மாவட்ட நீதிமன்றம். பணத்துக்கான வழக்குக்குக் காலக்கெடு பொதுவாக மூன்று ஆண்டு. ஏழு மாதம்தான் ஓடியிருக்கிறது.

நுகர்வோர் ஆணையம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வாடகை கட்டிச் சேவை பெற்றவர், சுயதொழிலில் பிழைப்பவர் என்ற வகையில் வாதிடலாம். "வணிக நோக்கம்" என்று எதிர்ப்பு வரும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை என்பதால் கதவைத் தட்டிப் பார்ப்பதில் நஷ்டமில்லை, ஆனால் அதையே நம்பியிருக்க வேண்டாம்.

உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: இப்போது போலீஸ் வேண்டாம். பங்குச் சண்டையை "சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். பதிப்புரிமை மீறலுக்குக் குறைந்தது ஆறு மாதச் சிறை என்று சட்டத்தில் தண்டனை இருப்பது உண்மைதான். ஆனால் அந்த வழியில் இறங்கினால் பேச்சுவார்த்தை அன்றோடு முடிந்தது, உங்கள் 7 ஓவியங்கள் அங்கேயே நிற்கும். கேலரியின் பெயரைப் போட்டு ஃபேஸ்புக்கில் எழுதுவதும் வேண்டாம். பணம் கேட்டுப் போகும் நீங்கள் அவதூறு வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவராகத் திரும்ப நேரலாம்.

அடுத்த கண்காட்சிக்கு ஓவியம் அனுப்பும்போது வண்டியோடு இரண்டு பிரதியில் ஒரு பட்டியல் போகட்டும். ஒவ்வொரு படைப்பின் தலைப்பு, அளவு, விலை, அன்றைய நிலை, முன்னும் பின்னும் எடுத்த படம். அதன் கீழேயே பங்கு எத்தனை, ஜி.எஸ்.டி. விலையில் அடக்கமா தனியா, விற்ற எத்தனை நாளில் பணம், போகும்போதும் வரும்போதும் இன்ஷூரன்ஸ் யார் பொறுப்பு, கேட்லாக்கைத் தவிர வேறு எதிலும் அச்சிடக்கூடாது, கேட்காமல் எந்தப் படைப்பையும் இறக்கக்கூடாது என்று ஆறு வரி எழுதுங்கள். கேலரியில் ஓவியங்களைப் பெற்றுக்கொண்ட ஆள் ஒரு பிரதியில் கையெழுத்துப் போடட்டும். முத்திரைத்தாள் தேடி அலைய வேண்டாம், பள்ளி நோட்டுத் தாள் போதும்.

கடைசியாக, அந்தப் பை. கோபத்தில் வாங்காமல் திரும்பி வந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கடிதம் அனுப்புவதற்கு முன்னால், அவர்கள் சுதாரித்துச் சரக்கை எடுத்துவிடுவதற்கு முன்னால், யாராவது ஒரு தோழியை அனுப்பி இரண்டு பை வாங்கிவிடுங்கள். பில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.